பிரித்தால் தொல்பொருள், நின்றால் பழைய வீடு

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்திலிருந்து மீட்கப்பட்டு 2019 செப்டம்பரில் ஊர் திரும்பினார். ஊர் திரண்டு வரவேற்றது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே ஊரிலிருந்தும், தாமிரபரணி ஆற்றங்கரையின் மற்ற ஊர்களிலிருந்தும் தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைகளும் பித்தளைக் குமிழ் வைத்த கதவுகளும் பட்டப்பகலில் லாரி ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை எந்த வீட்டில் இருந்தன, எங்கே போகின்றன என்று குறித்துவைக்க ஓர் அலுவலகம் கிடையாது. இது களவும் இல்லை. வீட்டுக்காரர் விற்கிறார், வியாபாரி வாங்குகிறார். சொகுசு விடுதியின் வரவேற்பறைக்கு ஒரு தூண் கிடைத்துவிடுகிறது.

சட்டம் இதில் செய்திருக்கும் வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், நாணயம் போன்றவற்றோடு, ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள்தான். ஆக, மச்சைத் தாங்கி நிற்கும்வரை அந்தத் தூணுக்கு ஒரு மரியாதையும் இல்லை. வீட்டை இடித்துத் தூணைத் தெருவில் கிடத்திய பிறகுதான் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாத பொருளாகிறது. வீட்டைக் காக்க வேண்டிய 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும், அரசு பெயர் சொல்லி அறிவித்த சின்னங்களுக்கு மட்டுமே பொருந்தும். குடும்பங்கள் குடியிருக்கும் சாதாரணத் தெரு அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-ல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் கடப்பாரைகள் சும்மா இருக்கவில்லை.

தாமிரபரணிக் கரையின் பழைய குடியிருப்புகளை ஊர் ஊராக, தெருத் தெருவாக, வீடு வீடாக அளந்து, வரைபடம் எடுத்து, குடியிருந்தவர்களின் வாய்மொழியோடு பதிவுசெய்யும் வேலையை அரசு இந்த ஆண்டே தொடங்க வேண்டும். எதைக் காப்பது, எதை விடுவது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கணக்கே இல்லாத சொத்துக்குக் காவல் போட முடியாது.

மண்ணுக்குள் இருப்பதன்மேல் நமக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1876-ல் யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004-லும் 2021-லும் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழும்பியிருக்கிறது. ஆதிச்சநல்லூரிலேயே குழிக்கு மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அந்தப் பழங்குடிகள் எங்கே புதைந்தார்கள் என்பது தெரிந்த அளவுக்கு, எப்படி வீடு கட்டி வாழ்ந்தார்கள் என்பது இன்றும் தெரியாது. மூவாயிரம் ஆண்டு இடைவெளிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நம் பாட்டன் பாட்டி இருந்த வீட்டுக்கும் அதே கதியை நாமே உண்டாக்கினால் காலத்தின்மேல் பழிபோட முடியாது.

ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் பரம்பு இன்னொன்றும் சொல்கிறது. நெல் விளையும் தாழ்ந்த மண்ணை வயலுக்கு விட்டுவிட்டு, மேடான சரளை நிலத்தை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்குப் பின்னாலும் தொடர்ந்தது. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று அணைக்கட்டுகள். கடைசியாக ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். ஒவ்வோர் அணையிலிருந்தும் கால் பிரிகிறது. காலின் கரையில் ஊர், ஊருக்குப் புறத்தே வயல். கன்னடியன் காலைப் பிடித்துக்கொண்டு போனால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை என்று ஊர்கள் வரிசையாக வரும். தெருக்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, புறவாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, படித்துறை எங்கே என்பதெல்லாம் தண்ணீர் வந்த வழியைப் பார்த்து அமைந்தவை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. அன்று எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது, எந்தத் தெரு தப்பியது என்ற கணக்கைப் பழைய குடியிருப்பு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், புதிய வீட்டு மனைகளுக்கு அனுமதி கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் புத்தி கிடைக்கும். வைத்துப் பார்க்க அந்த வரைபடம் வேண்டுமே!

வீடுகளுக்கு வருவோம். நெல்லை டவுனின் பழைய வீடொன்றில் நுழைந்தால் திண்ணை, அதைத் தாண்டித் தார்சா, அப்புறம் பட்டாசாலை, வெளிச்சம் இறங்கும் முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, பாத்திரம் துலக்க அங்கணம், புறவாசலில் கிணறு, மாட்டுக்குத் தொழு. விலையுள்ளதையும் விதைநெல்லையும் வைக்க ஜன்னலில்லாத அரங்கு. மேலே மட்டப்பா. கட்டைகளை நெருக்கி அடுக்கிச் செங்கலும் காரையும் போட்ட மச்சு, ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் ஒருசேரத் தாங்கியது. சுண்ணாம்பை வாரக்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரை அது. வசதி குறைந்தவர்களுக்கு வளவு இருந்தது: ஒரே வாசல், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், எல்லாருக்கும் பொதுவாய் ஒரு கிணறு. ஊருக்கு வெளியே போனால் மண் சுவரும் பனங்கையும் ஓலையும். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய இலக்கியச் சபைக்கு அந்த வீட்டின் வட்டத்தொட்டியே பெயராகிவிட்டது. சுடலைமாடன் கோயில் தெருவின் தார்சாவும் வளவும் வண்ணதாசன் கதைகளில் இருக்கும் அளவுக்கு எந்த அரசு ஏட்டிலும் இல்லை. எழுத்தாளர்களை நம்பித்தான் ஒரு ஊரின் கட்டடக் கலை பிழைக்க வேண்டும் என்பது எழுத்தாளர்களுக்குப் பெருமை, அரசுக்கு இல்லை.

அரசு காத்த வீடுகளும் உண்டு. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு, இடையன்குடியில் கால்டுவெல் இருந்த வீடு. பெரியவர்களால் பிழைத்த வீடுகள் இவை. பெரியவர் யாரும் பிறக்காத வீடுகளிலேதான் சீமையே குடியிருந்தது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். எழ வேண்டும். "பழைய தெரு என்றால் என்ன? சாதி போட்ட கோடு. அக்ரகாரத்தில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்கு அந்தத் திண்ணையின் அழகு எதற்கு?" இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பாரம்பரியம் பேசுகிறவர்களை நாம் நம்பவில்லை. தூணின் வேலைப்பாட்டைப் படமெடுத்து, புறவாசல் வழியாக மட்டுமே வந்துபோனவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாத புத்தகங்கள் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் மண்கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் சமூகத்தின் பெண்கள், பிறந்ததிலிருந்து சாகும்வரை மதிலுக்கு வெளியே வந்ததில்லை. அந்தச் சமூகம் சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கோட்டையை விட்டு வெளியேறிவிட்டது, மதில் கரைந்துவிட்டது. மானிடவியல் ஆய்வாளர் கமலா கணேஷ் அங்கே ஆய்வு செய்து 1993-ல் ஒரு நூலை வெளியிட்டிராவிட்டால், அந்த அடைப்பு எப்படி இயங்கியது என்பதற்குச் செவிவழிக் கதை தவிர வேறு சான்று நம்மிடம் இராது. மதில் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் சாட்சியமும் சேர்ந்து போனால், அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று நாளைக்கு ஒருவர் துணிந்து சொல்வார். இப்போதே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகவே பதிவு என்பது எல்லாத் தெருவுக்கும் வேண்டும். சேரியும் குடித்தெருவும் அதில் வர வேண்டும். மதம் மாறிய ஏழைகளுக்காக 1799-ல் நிலம் வாங்கி உருவான முதலூர், செருமானியப் பிரபு தோனாவின் பணத்தில் எழுந்த டோனாவூர் போன்ற மிஷன் ஊர்களின் நேர்கோட்டுத் தெருக்களும் வர வேண்டும். அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள் அளவெடுத்துப் போட்ட ஊர்கள் அவை. ஹார்வி ஆலையை நம்பி வளர்ந்த விக்கிரமசிங்கபுரத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளும் வர வேண்டும். கிணறு யாருடையது, யார் எந்த வாசலோடு நின்றார்கள், வீடு எப்போது யார் கைக்கு மாறியது என்பதையெல்லாம் எழுத வேண்டும். கல்லிடைக்குறிச்சியின் பெரிய வீடுகள் திருவாங்கூரோடு நடந்த லேவாதேவியில் எழுந்தவை. பிள்ளைகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் போன பிறகு பூட்டிக் கிடந்தவை. அக்ரகாரங்களின் பல வீடுகளை, அந்தத் தெருவில் கால் வைக்கவே முடியாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விலைக்கு வாங்கிக் குடியிருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் குடியேற்ற வரலாற்றில் இதைவிடப் பெரிய அத்தியாயம் எது? அவர்களிடம் போய் "இந்தத் தூணை உன் செலவில் காப்பாற்று" என்று உத்தரவு போடும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது. கட்டாயப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் நாம் கேட்கவில்லை.

கேட்பது வேறு. வீட்டுக்காரர்கள் ஏன் இடிக்கிறார்கள் என்று பார்த்தால் அழகு தெரியாததால் இடிப்பவர்கள் சொற்பம். ஏழு பாகத்தில் கிடக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட ஏழு கையெழுத்து வேண்டும். கோயில் மனையில் நிற்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் அருகிப்போனார்; கிடைத்த கொத்தனார் மண் சுவரின் மேல் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார், உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் உப்பி விழுகிறது. பழி பழைய வீட்டின் மேல் விழுகிறது. அரசின் பணமும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதில் 360 சதுர அடியில் புது வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் உண்டு. ஒழுகும் குடிசையில் கிடப்பவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் சுவர் திடமாக நிற்கும் நாட்டு ஓட்டு வீட்டின் கூரையை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு அதில் பாதியாவது ஏன் கூடாது? அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் தனித் திட்டம் அறிவித்தவர்கள், சொந்தக் கையால் கட்டியவர்களை மட்டும் மறந்துவிட்டார்கள்.

பதிவு வேலைக்குக் கோடி கோடியாய் வேண்டியதில்லை. 1933-ல் பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்தபோது, வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து நாட்டின் பழைய கட்டடங்களை அளக்க அனுப்பியது அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை. மாளிகைகளோடு கிராமப்புற மரவீடு, களஞ்சியம், அடிமைகள் அடைந்து கிடந்த குடிசை வரை அளந்து வரைந்தார்கள். அந்தக் கட்டடங்களில் பல இன்று இல்லை. வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். நமக்கு வேலையில்லாப் பட்டதாரிகளுக்கும் பஞ்சமில்லை, அளவெடுக்கத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்த பின் பழைய நெல்லைச் சீமை மூன்று ஆட்சியர்களிடம் கிடக்கிறது. மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதற்கு, அங்கே சிலர் முன்கூட்டியே வீடுகளை எண்ணி எழுதிவைத்ததும் ஒரு காரணம். நெல்லையில் அந்த அளவு பணக்கார மாளிகைகள் கிடையாது என்பார்கள். உண்மை. அதனாலேயே இங்கு எண்ண வேண்டியது அதிகம்.

இன்னொரு சின்னக் காரியம், நாளைக்கே செய்யக்கூடியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் இணையத்திலேயே சுயசான்று கொடுத்து அனுமதி பெறலாம். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கட்டும்: மனையில் இப்போது பழைய கட்டடம் உண்டா, எத்தனை வயது, நான்கு படங்கள். "உண்டு" என்று வந்தால் அளவெடுக்க இரண்டு மாணவர்கள் ஒரு நாள் வந்து போகட்டும். அனுமதியை அதற்காக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை, 2028-ல் அரசிடம் திரும்ப வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலை எஸ்டேட்களில் நாலைந்து தலைமுறை பிறந்து வளர்ந்த லயன் வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1999 ஜூலை 23-ல் கூலிக்காகவும் சிறையிலிருந்த தோழர்களுக்காகவும் நெல்லையில் ஊர்வலம் வந்து, போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றில் விழுந்து 17 உயிர்களைக் கொடுத்த சனங்களின் வீடுகள் அவை. 2024-ல் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னது கம்பெனி. மறுத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். காடு காட்டுக்கே என்கிறது வனத்துறை. புலிகள் காப்பகத்துக்குள் அந்த வீடுகளை வைத்திருக்க முடியாமல் போகலாம். ஆனால் லயன் ஒன்றுக்கு எத்தனை குடும்பம், ஓர் அறைக்கு எத்தனை பேர், கங்காணி வீடு எங்கே, துரை பங்களா எத்தனை தூரம், கோயிலும் சர்ச்சும் மசூதியும் யார் காசில் எழுந்தன என்பதைச் சொல்ல ஆட்கள் இன்னும் மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிறார்கள். குத்தகை முடியும் நாளுக்குள் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டி அளவு நாடாவோடு ஒரு குழு மேலே போக வேண்டும். அதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் நெல்லை ஆட்சியர்.