பிள்ளைகள் ஏறும் வேனுக்குப் பல் பார்த்தோமா?

தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். என் தாத்தா பால் வெட்டும் வேலை போக, லயத்துக்குப் பின்னால் நான்கு கறவை மாடுகளையும் வைத்திருந்தார். மாடு வாங்கப் போகும்போது சில வேளைகளில் என்னையும் அழைத்துச் செல்வார். அவர் எடுத்தவுடன் விலையைக் கேட்கமாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அரை நாள் அதற்கே போய்விடும். அதன் பின்னரே விலையைப் பற்றிய பேச்சு எழும்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த முதியவரிடம் இருந்த நிதானம், பட்டம் பெற்ற நம்மிடம் ஏன் இல்லை? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பழைய வேன் வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

முதலில், வேன் ஏன் நமக்கு இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெடா மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டங்களில் பிறந்தவை. அன்று லயத்திலிருந்து மணியோசை கேட்டதும் ஓடினால் பள்ளியை அடைந்துவிடலாம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. பள்ளிக்கூடம் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. இன்று அந்தப் பள்ளிக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர் இருக்கலாம். அந்தத் தூரத்தைக் கடப்பது வேன்தான். ஆகவே, வேன் நின்றால் பிள்ளையும் நின்றுவிடுகிறது. தாமானுக்குப் பக்கத்திலேயே தேசியப் பள்ளி இருக்கும்போது, ஒரு தாய் எத்தனை நாள்தான் காத்திருப்பாள்?

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. பட்டறிவாகவே சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டில் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பழைய வேன் வாங்கியது. விருந்து நிகழ்ச்சி நடத்தியும், வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டியும் 16,000 வெள்ளி சேர்த்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை நாள், நான்கு பேர் கிளம்பிப் போனோம். அவர்களுள் நானும் ஒருவன். வெள்ளை வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. உள்ளே கறுப்பு ரப்பர் விரிப்பு பளபளத்தது. இஞ்சினை முடுக்கினார்கள், ஓடியது. குளிரூட்டியைத் திறந்தார்கள், குளிர்ந்தது. 500 வெள்ளி குறைக்கச் சொல்லிக் கேட்டோம், குறைத்தார்கள். மகிழ்ச்சியோடு முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒற்றைக் காலணியோடு வேனிலிருந்து இறங்கினாள். மற்றொரு காலணி எங்கே என்று கேட்டேன். "கீழே விழுந்துருச்சு சார்" என்றாள். வேனுக்குக் கீழே என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நகரும் கதவின் ஓரம், அவள் கால் வைக்கும் இடத்தில், விரிப்புக் கிழிந்திருந்தது. அதை விலக்கிப் பார்த்தேன். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே பள்ளிச் செம்மண் தெரிந்தது.

காலணி மட்டும் போனதற்கு இறைவனுக்கு நன்றி சொன்னேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வேன் மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. தகட்டை வெட்டி ஒட்டிய செலவு ஒரு புறம் இருக்கட்டும். அந்த மூன்று வாரத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டனர். முப்பத்தெட்டு பேர் படித்த பள்ளியில் இரண்டு பேர் குறைவது சிறிய செய்தியா? அந்தப் பெற்றோர் மீது எனக்குச் சிறிதும் வருத்தம் இல்லை. தவறு செய்தவர்கள் விரிப்பைத் தூக்கிப் பார்க்காத நாங்கள் நால்வர்.

ஆறு ஆண்டுகள் சென்றன. அந்த வேன் ஓடி ஓய்ந்தபின், 2023ஆம் ஆண்டில் மீண்டும் வேன் தேடிப் புறப்பட்டோம். சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பழைய வண்டிகள் விற்கும் ஓர் இடத்தில் கேம்பர் வேன் ஒன்று நின்றது. கோவிட் காலத்துக்குப் பிறகு நம் நாட்டில் இந்த ஆசை பரவியிருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். சாதாரண வேனுக்குள் படுக்கை, அடுப்பு, சிறிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்து, ஊர் ஊராகப் போய்த் தங்கி வருகிறார்கள். அதைப் பார்ப்பதற்குப் பணி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவராம். கையில் டார்ச் விளக்கு, திருப்புளி, ஒரு நோட்டுப் புத்தகம்.

அவர் அந்த வேனை இரண்டு மணி நேரம் பார்த்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து மல்லாந்து படுத்து அடிப்புறத்தைப் பார்த்தார். கூரையில் காற்றாடி பொருத்த வெட்டிய ஓட்டையைச் சுற்றி நீர்க்கறை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். கூடுதல் பேட்டரிக்காக இழுத்த மின்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றார். கடைசியில், உட்புறச் சுவரில் அடித்திருந்த பிளைவுட் பலகை ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொன்னார். விற்பவர் மறுத்தார். உடனே நோட்டை மூடிவிட்டார்.

நான் அருகே சென்று பேச்சுக் கொடுத்தேன். "பலகைக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது தம்பி. ஆனா திறந்து காட்டாதவங்ககிட்ட நான் வாங்கறதில்லை" என்றார்.

இருவர், ஆண்டில் சில நாள், உல்லாசமாகப் படுத்து உறங்கப் போகும் வேன் அது. அதற்கு இரண்டு மணி நேரம்! பதினான்கு குழந்தைகள், நாள்தோறும் இருமுறை, ஆண்டு முழுவதும் ஏறி இறங்கப் போகும் வேனுக்கு நாங்கள் செலவிட்டது அரை மணி நேரம். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டதோடு நிறுத்தவில்லை. எங்கள் பள்ளிக்கதையைச் சொன்னேன். அந்தப் பெரியவர் மறுக்காமல் எங்களோடு மற்ற வேன்களையும் பார்த்தார். இதற்கிடையே விற்பவர், அந்தக் கேம்பர் வேனையே எங்களுக்குக் குறைந்த விலையில் தள்ளிவிட முயன்றார். படுக்கையைக் கழற்றிவிட்டு நீள இருக்கை போட்டுக்கொள்ளலாம் என்றார். எங்கள் குழுவில் இருவருக்கு ஆசை வந்துவிட்டது. பெரியவர் தடுத்தார். பலகையில் ஆணியடித்து வைக்கும் இருக்கை, திடீரென்று பிரேக் பிடித்தால் பிள்ளைகளோடு பெயர்ந்து வரும். இருக்கை தரைச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். இருக்கைகளின் எண்ணிக்கையும் பதிவு ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். அன்று அவரிடம் கற்றதையும் பின்னர் பட்டறைக்காரர்களிடம் கேட்டறிந்ததையும் பெற்றோருக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. தரை. விரிப்பை முழுவதும் தூக்குங்கள். கதவுப்படி, நகரும் கதவின் தண்டவாளம், சக்கரத்தின் மேல்வளைவு ஆகிய இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் துருவோ பூச்சோ இருக்கலாம். அடிப்புறத்தில் கறுப்பு மருந்து அண்மையில் அடிக்கப்பட்டிருந்தால், எதை மறைக்க என்று கேளுங்கள்.

2. இஞ்சின். நிசான் வானெட், டொயோட்டா ஹையேஸ் போன்ற பழைய வேன்களில் முன்னிருக்கையைத் தூக்கினால்தான் இஞ்சின் தெரியும். தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்னரே முடுக்கிச் சூடேற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இஞ்சினில்தான் குறைகள் வெளிப்படும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை போல இருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

3. டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1518 என்றால் 2018ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்திருக்கும்.

4. வெள்ளம். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்திலும், 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்திலும் வந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்கமாட்டோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே ஒளிந்திருக்கும்.

5. ஆவணம். சேசிஸ் எண், இஞ்சின் எண் இரண்டையும் வண்டியிலேயே பார்த்துப் பதிவு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் தீர்ந்ததா என்று கேளுங்கள். கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவதாயின், தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆபாட்டின் அனுமதியும், ஓட்டுநருக்குப் பி.எஸ்.வி. உரிமமும் வேண்டும். 'நம்ம பிள்ளைகள்தானே' என்று இதில் மட்டும் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான்.

6. ஓட்டம். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பது போதாது. பிள்ளைகள் போகும் அதே செம்மண் பாதையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைப் படிக்கும் சில பெற்றோர் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். "சார், மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு போகிறோம். மழையில் நனைகிறார்கள். ஏதோ ஒரு வேன் கிடைத்தால் போதாதா?" என்று ஒரு தந்தை எங்கள் கூட்டத்தில் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டை வேனும் மோட்டார் சைக்கிளைவிட மேல்தான் என்று அவர் நினைப்பதில் பொருள் இருக்கிறது. புதிய வேன் வாங்க நம்மிடம் பணம் இல்லை என்பதும் உண்மை.

ஆனால், நான் மேலே சொன்ன ஆறில் எதற்குப் பணம் வேண்டும்? விரிப்பைத் தூக்கக் காசு இல்லை. டயரின் எண்ணைப் படிக்கக் காசு இல்லை. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், ஒரு வேளைச் சாப்பாடும் பெட்ரோலும்தான் செலவு. பணக்காரர் தவறான வண்டியை வாங்கினால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்வார். நம்மால் முடியாது. பழைய வண்டி வாங்குவது நமக்கு இழுக்கு ஆகாது. பார்க்காமல் வாங்குவதுதான் இழுக்கு.

சொந்த வண்டியில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! 2009 முதல் பின்னிருக்கையிலும் பட்டை அணிகிறோம். 2020 முதல் சொந்தக் காரில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. அதே குழந்தை வளர்ந்து பள்ளி வேனில் ஏறியதும் நம் கவனம் எங்கே போகிறது?

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம், நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். ஏழைகள் கூடிப் பொதுவில் ஒன்றை வாங்குவது நமக்குப் புதிதன்று. பத்து வெள்ளி கொடுத்தவரின் வியர்வை அந்தப் பணத்தில் இருக்கிறது. அதை அரை மணி நேரத்தில் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

2023இல் நாங்கள் நான்கு வெள்ளிக்கிழமைகள் அலைந்தோம். பதினொரு வேன்களைப் பார்த்தோம். பத்தை வேண்டாம் என்றோம். பதினொன்றாவது வேன் வெளிப்பார்வைக்கு அழகில்லை. பக்கத்தில் நசுங்கல், வண்ணம் வெளிறியிருந்தது. ஆனால், விரிப்பைத் தூக்கச் சொன்னதும் அதன் உரிமையாளர் தாமே குனிந்து தூக்கிக் காட்டினார். முன்பே ஒட்டுப் போட்ட இடத்தையும் சுட்டிக் காட்டினார். அந்த வேன்தான் இன்றும் ஓடுகிறது.

அன்று ஒற்றைக் காலணியோடு வந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். வேனின் விரிப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவள் நினைவு வருகிறது. பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு வேன் வாங்கப் போகும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள்.