தொட்டி எத்தனை மாதம் தாங்க வேண்டும்?

செந்துறை வட்டாரத்துச் செம்மண்ணில் முந்திரிக்காடு போட்டவர்கள் முன்பு கொட்டையை நேராகக் குழியிலேயே ஊன்றினார்கள். காரணம் சோம்பல் அல்ல. முந்திரியின் ஆணிவேர் முளைத்த சில வாரங்களிலேயே விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் கன்று தேறுவது கஷ்டம். இன்று விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் ஒட்டுக்கன்றாக, பாலித்தீன் பையில் கிடைக்கின்றன. பையைக் கிழிக்கும்போது மண் உதிராமல் பார்த்துக்கொள்வது நடுபவரின் கைப்பக்குவம்.

இந்தப் பைக்குப் பதிலாக, கன்றோடு சேர்த்தே புதைக்கும் மக்கும் தொட்டி என்றதும் பிளாஸ்டிக்கை மட்டும் பேசி, இந்த வேர்ச் சங்கதியை விட்டுவிடுகிறோம். பிளாஸ்டிக்கும் சின்ன விஷயமில்லைதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. ஆனால், அரசுத் துறைகள் கேட்டு வாங்கும் நாற்றங்கால் பைகளுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு தரப்பட்டது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமோ, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்தப் பார்க்கிறது. கன்றுக்கு ஒரு பை வீதம் கணக்கு எங்கே போகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் பத்துக் கன்று வளர்ப்பவருக்கு மக்கும் தொட்டியால் லாபம் வேரில்தான். பையின் வழவழப்பான சுவரில் முட்டும் வேர் வளைந்து, உள்ளேயே சுருள்கிறது. அப்படியே நட்டால், மரமான பிறகும் பிடிப்பில்லாமல் காற்றில் சாயக்கூடும். சாணியோ நாரோ கலந்த சுவரில் அப்படி இல்லை. வெளிக்காற்றுப் பட்ட வேர்நுனி காய்ந்து நின்றுவிடும். பின்னால் புதுக் கிளைவேர்கள் விடும். தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் இது நடக்கும். நெருக்கி அடுக்கினால் வேர் பக்கத்துத் தொட்டிக்குள் குடியேறிவிடும்.

குழப்பம் தொடங்குவது பொருளைத் தேர்ந்தெடுப்பதில். தொட்டி முற்றத்தில் கரையக் கூடாது, குழியில் கரைய வேண்டும். முந்திரிக்கொட்டை கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். வேப்பம்பழம் உதிர்வது ஜூன், ஜூலையில். நடவுக்கு ஏற்ற வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. ஆக, தொட்டி நாலைந்து மாதம் தண்ணீருக்குத் தாங்க வேண்டும். செய்தித்தாளைச் சுருட்டிச் செய்தது சில வாரங்களில் நைந்துவிடும். தக்காளி நாற்றுக்குப் போதும், மரத்துக்கு ஆகாது. கொட்டாங்குச்சி வருடக்கணக்கில் மக்காது, ஆழமும் இல்லை. ‘மக்கும்’ என்று அச்சடித்த சில பைகள் உர ஆலையின் கடும் சூட்டில்தான் மக்கும். நம் கொல்லையில் அல்ல.

மிஞ்சுவது சாணித் தொட்டி. இரண்டு பங்கு சாணி, ஒரு பங்கு களிமண், பொடியாக நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி. வறட்டி தட்டும் பதத்துக்குப் பிசைந்து, சாம்பல் தடவிய குழாய்த் துண்டைச் சுற்றி விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். உயரம் ஒரு சாணாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆணிவேருக்கு இடமிருக்காது. குழாயை மெல்ல உருவிவிட்டு அடியில் துளையிட்டு, முதலில் நிழலில் காயவிட வேண்டும். எடுத்ததுமே வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரச் சாணியின் சூடு முளையைக் கருக்கும் என்பதால், நன்றாகக் காயும்வரை விதை போட அவசரம் வேண்டாம். வைக்கோல் மிகுந்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, இலை வெளிறும். கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர் கொஞ்சம் விட்டால் சரியாகும்.

முந்திரிக்கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்து, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஊன்றலாம். வேம்பும் நாவலும் காத்திருக்காத விதைகள். சில வாரம் வைத்திருந்தாலே முளைப்புத் திறன் போய்விடும். பழம் உதிரும் முன்பே தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

நடும்போது தொட்டி விளிம்பை மண்ணுக்கு மேலே விடக் கூடாது. துருத்திய விளிம்பு அடி ஈரத்தை உறிஞ்சி வெயிலுக்குக் கொடுத்துவிடும். அடியைத் தட்டி உடைத்து, பக்கங்களில் கீறி, முழுதும் மண்ணுக்குள் புதைப்பதே சரி. மழை பொய்த்தால் முதல் மாதம் குடம் தூக்கத்தான் வேண்டும். காய்ந்த செம்மண்ணில் சாணித் தொட்டியும் ஓடு மாதிரிதான் கிடக்கும்.

ஆயிரக்கணக்கில் கன்று விடும் ஊராட்சி நாற்றங்காலுக்கு இந்தக் கைவேலை கட்டுப்படியாகாது. அச்சு வைத்து அழுத்தும் இயந்திரம் இல்லாமல் அதைக் கேட்பது நியாயமுமில்லை. அங்கே பை வேண்டுமானால் இருக்கட்டும், நட்ட அன்றே பைகளை எண்ணித் திரும்ப வாங்கும் வழக்கத்தோடு.