ஜீப்பில் கேட்ட கேள்வி



"சாட்சி சொல்லப் பயமாயிருக்கிறது ஐயா" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் தலையசைத்துக் கேட்டிருக்கிறேன். இவ்வாரம் தலையசைக்கப் போவதில்லை. நம் நோய்க்குப் பயம் என்று பேரிட்டது தவறு.

சட்டம் தடுக்கிறது என்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, மதத்தை அறிக்கையிடவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புதல் என்பது தன் நம்பிக்கையை எடுத்துரைப்பது. பிறனை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நல்லது. மனந்திருப்புவது ஆவியானவருடைய கிரியை. நம்மிடம் கேட்கப்பட்டது எடுத்துரைப்பது மட்டுமே. இந்நாட்டில் விசுவாசத்துக்காக அடிபட்டவர்கள் உண்டு; அவர்களுடைய அச்சத்தை நான் இகழேன். ஆனால் நம் சபையில் அப்படி அடிபட்டவர் யார்?

விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் நம் சபையாரும் உண்டு. அவர்களை வேலைவாங்கும் கங்காணிகளும், தோட்டம் வைத்திருப்பவர்களும் நம் ஆலயத்தின் முன்வரிசையில் உண்டு. பச்சைக்காயை எடைபோடுகையில் தராசில் கைவைப்பவன் யார், கூலியைப் பாக்கி வைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்பவன் யார், வாங்கிய கடனைத் தராமல் வேறு ஜீப்பில் ஏறுபவள் யார் என்று மலையேறும் அத்தனை பேருக்கும் தெரியும். அங்கேதான் நம் வாய் அடைபடுகிறது. முகமறியாத ஊரில் கைப்பிரதி கொடுக்க வேன் பிடித்துப் போகிறோமே, அங்கே எங்கே போயிற்று அந்தப் பயம்? நம்மை அறிந்தவர்முன் வாய் திறவாதது பயத்தினால் அல்ல, வெட்கத்தினால்.

அந்த வெட்கத்தை மறைக்கத்தான் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்கிறோம். வெளியூர்ப் பிரசங்கியார் மூன்று நாள் முழங்கிவிட்டுப் போனால் நம் கடமை தீர்ந்தது என்கிறோம். (கூட்டத்துக்கு வந்தவர் பெரும்பாலும் நம்மவர்களே என்பதைக் கணக்கு எழுதிய கமிட்டியார் அறிவார்கள்.)

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்து ஏழை விவசாயக் கூலிகள். அவர்களில் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் தமக்குக் கேடு என்று பவுல் எழுதியதைத் தங்கள் வாயாலே அறிக்கையிடச் செய்தார். அப்பொறுப்பை அவர் சம்பளம் வாங்கும் உபதேசியாரோடு நிறுத்திவிடவில்லை. பின்னாளில் நிலமுள்ள மேல்சாதியாரும் அங்கே சபைக்கு வந்தார்கள். தங்கள் வயலில் வேலைசெய்த அந்தக் கூலிகளின் வாழ்வு மாறியதைக் கண்டோம் என்பதே பலர் கூறிய காரணம். எஜமானின் கண்முன்னே வாழ்ந்து காட்டியவனுக்குத் துணிவு தனியே தேவைப்படவில்லை.

கங்காணியாரே, முதலில் தராசைச் சரிசெய்யும். தோட்டக்காரரே, பாக்கியைக் கொடும். சகேயு இயேசுவை வீட்டில் ஏற்றபோது வாயைத் திறந்து பேசியது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதைப் பற்றியே. அதைக் கேட்க எரிகோவில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

உங்களை மட்டும் கடிந்துகொண்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. போன மழைக்காலத்தில் அப்படியொரு ஜீப்பில் நானும் மேலே போனேன். பக்கத்திலிருந்த பெண் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். நான் போதகன் என்று அறிந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏன்யா, செத்துப்போன எம் மகன் இப்ப எங்கிட்டு இருப்பான்?"

இருபது ஆண்டு ஊழியம் செய்தவன் நான். அடக்க ஆராதனைகளில் உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன். அன்று சொன்னது இவ்வளவே: "கவலைப்படாதீங்கம்மா, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாங்க." அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பூப்பாறைக்கு முன்பே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வரவுமில்லை. ஏன் வருவார்? அவர் என்னிடம் ஆராதனை நேரத்தையா கேட்டார்?

அவர் இன்னும் அதே ஜீப்பில்தான் போய்வருகிறார் என்று நம் சகோதரிகள் சொல்கிறார்கள். திங்கட்கிழமை விடியலில் நானும் அதில் ஏறுகிறேன். உங்களில் யாராவது என்னோடு வருகிறீர்களா?