ஹெலவூட்ஸ்லாய்ஸ் துறைமுகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

"டச்சுக்காரன் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் கதை சொல்கிறீரே, நமக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கடற்கரையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. "பாண்டிச்சேரியை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன், வீதி போட்டவனும் பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன் இடையில் வந்து போனவன்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பின் மேல் இது என் அப்பீல்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகப்பிள்ளையின் சிநேகிதர் தம் பாய்மரப் படகில் எங்களை ஹெலவூட்ஸ்லாய்ஸுக்கு அழைத்துப் போனார். ராட்டர்டாமுக்குத் தென்மேற்கே, ஹாரிங்வ்லீட் என்னும் அகன்ற நீர்ப்பரப்பின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். காரில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் படகில் போனால்தான் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரிகிறது. வெளியே காற்று படகைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. 1822-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வாய்க்கால் போன்ற துறைமுகத்துக்குள் நுழைந்தோம். பாயை இறக்கியதும் சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் வீடுகள், சுற்றிலும் கோட்டை மண்மேடு. கோட்டையின் நடு வயிற்றில் துறைமுகம்!

ராட்டர்டாம் கடற்படை நிர்வாகத்தின் கப்பல்கள் நின்ற இடம் இது. போர்க்கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் பெரிய தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. யான் பிளாங்கன் என்ற பொறியாளர் 1798 முதல் 1802 வரை கட்டியது. அந்தக் காலத்திலேயே நீராவி இயந்திரம் வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். 1953 வெள்ளத்தில் அந்த நாட்டில் 1836 பேர் மாண்ட பிறகு, ஹாரிங்வ்லீட்டின் கடல் வாயில் 17 மதகுகள் கொண்ட அணையைக் கட்டினார்கள். இன்று அங்கே உல்லாசப் படகுகள்தான் நிற்கின்றன.

இனி சம்பந்தத்துக்கு வருகிறேன்.

1688 நவம்பரில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 400-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு இந்தத் துறைமுகத்திலிருந்துதான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதே மாதத்தில் பதினான்காம் லூயி டச்சுக்காரர்கள் மேல் போர் தொடுத்தார். வில்லியம் இங்கிலாந்தின் அரசரானார், இங்கிலாந்தும் போரில் சேர்ந்தது. ஐரோப்பாவில் மூண்ட அந்த நெருப்பு நம் கரைக்கு வந்து சேர ஐந்து வருஷம் ஆயிற்று. 1693-இல் டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் பாண்டிச்சேரியின் முன்னால் வந்து நின்றன. பிரான்சுவா மர்த்தேன் சரணடைந்தார். 1697 ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், 1699-இல்தான் கொடுத்தார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்த ஆறு வருஷமும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாக்கியம். மர்த்தேன் இழந்தார், மீண்டும் பெற்றார், அவ்வளவுதான். நடுவில் ஊரில் என்ன நடந்தது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். கோப்பின் நடுவில் ஒரு தாள் இல்லையென்றால் மேலதிகாரி சும்மா விடமாட்டார். நாமோ நம் ஊர்க் கோப்பில் ஆறு வருஷத்தை உருவிவிட்டு, கயிற்றை இறுகக் கட்டி வைத்திருக்கிறோம்.

அந்தத் தாள் தொலைந்துபோகவில்லை. டச்சுக்காரர்கள் அப்போது வரைந்த திட்டப் படங்கள் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ழான் தெலோஷ் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமே 2004-இல் வெளியிட்டது. ஊரின் மேற்கில் நெசவாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் நூல் பிடித்தாற்போல நேர்வீதிகள் வகுத்தது டச்சுக்காரர்கள் என்பது அந்தப் படங்களில் தெரிகிறது. சுற்றுலாக்காரருக்கு நாம் பெருமையாகக் காட்டும் நேர்வீதிகளுக்கு அச்சாரம் போட்டது பிரெஞ்சுக்காரன் அல்ல.

நான் டச்சுக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வீதி போட்டது நெசவாளர் மேல் உள்ள பாசத்தால் அல்ல, துணி வேண்டும் என்பதற்காக. பஞ்ச காலத்தில் நம் கரை ஜனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றி பதாவியாவுக்கு அனுப்பியதும் அதே கம்பெனிதான். இதையும் அந்தத் தாளில் சேர்த்தே எழுத வேண்டும். பெருமை வந்தால் நம்முடையது, சிறுமை வந்தால் யாருடையதோ என்று கணக்கு எழுதக் கூடாது.

அங்கே துறைமுகக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வில்லியம் புறப்பட்டதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் கதையின் மறுமுனையில் பிறந்து வளர்ந்த நாமும் "நமக்கென்ன சம்பந்தம்" என்று கேட்கலாமா? எனக்குக் கோபம் வந்தது அதற்காகத்தான்.

நண்பரே, நாளைக் காலை கடற்கரையோடு திரும்பிவிடாதீர். வாய்க்காலைத் தாண்டி மேற்கே என்னோடு நடந்து வாரும். அந்த வீதிகளில் நின்று உம் தீர்ப்பை இன்னொரு முறை சொல்லும், கேட்கிறேன்.