மாயக் கதையும் மனத் தோழமையும்

“மாயக் கதை படிப்பவள் தனிமை விரும்பி, வீண் கனவு காண்பவள்” என்பார் சிலர். இக்கூற்று சரிதானா?

2000 அக்டோபரில், கனடாவின் டொரான்டோ நகரில், ஸ்கைடோம் விளையாட்டரங்கில், ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியை ஜே. கே. ரௌலிங் தம் கதையை வாசித்தார். கேட்க வந்தோர் 10,000 பேருக்கும் மேல்! தொடரின் நான்காம் நூலோ ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. வீட்டிலிருந்தே படித்திருக்கலாமே! பின் ஏன் வந்தனர்? ஆசிரியையின் குரலைக் கேட்க மட்டுமா? தன்னைப் போலவே அக்கதையை நேசிக்கும் ஒருத்தி அடுத்த இருக்கையில் இருப்பாள் என்பதற்காகவும் அன்றோ!

வகுப்பில் வாய் திறவாதவளும் தனக்குப் பிடித்த கதையென்றால் பேசி ஓயாள். ஆதலின் தோழியரே, நம் நூலகத்திலும் வாரம் ஒரு மணி நேரம் ஒருத்தி வாசிக்க, மற்றவர் கேட்போம். மூலையில் தனித்து அமர்ந்து படிப்பவளை முதலில் அழைப்போம்!