காலையில் நன்னூல், மாலையில் படம்

விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்கும் தோழர்களிடம், "இலக்கணம் படித்தேன், படம் பார்த்தேன்" என்றால் நகைக்கிறார்கள். முன்னது வேண்டாத வேலையாம். பின்னது வீண் வேலையாம். இரண்டையும் மறுக்கிறேன்.

2023 கோடையில் சித்தூர் வீட்டில் இருந்தேன். தெலுங்கு வழியில் படித்த எனக்குத் தமிழ் பேச வரும். பிழையின்றி எழுத வராது. 'அக்கா வந்தது' என்று நான் எழுதிவைத்த துண்டுச்சீட்டைக் கண்ட பாட்டனார், "அக்கா என்ன ஆடா, மாடா?" என்றார். அன்றே நன்னூலைக் கையில் எடுத்தேன்.

ஏப்ரல் 28இல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வெளிவந்தது. திருப்பதியில் தெலுங்கிலும், சித்தூரில் தமிழிலும் பார்த்தேன். படத்தின் குறைநிறை கிடக்கட்டும். என் செவி வினைமுற்றுகளின் பின்னாலேயே ஓடியது. தமிழில் பெண் 'வந்தாள்', பசு 'வந்தது'. தெலுங்கிலோ ஒருமையில் இரண்டிற்கும் 'வச்சிந்தி' ஒன்றே! பன்மையில்தான் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிறார்கள். ஆக, என் பிழை சோம்பலால் வந்ததன்று. அண்டை மொழியின் ஒழுங்கு என் நாவில் குடியேறியதால் வந்தது. அதே தெலுங்கு உதவியும் செய்தது: 'மனமு', 'மேமு' அறிந்தவனுக்கு 'நாம்', 'நாங்கள்' தடுமாற்றமே இல்லை.

நம் சங்கம் பட்டிமன்றம் நடத்துகிறது; நடத்தட்டும். ஆந்திரத்தில் வளர்ந்த தமிழ் மாணவர்க்கு இலக்கண வகுப்பு ஒன்று நடத்தலாகாதா? தெலுங்கை ஒளித்துவைத்தன்று, பக்கத்தில் வைத்தே! 1957இல் 'மாயாபஜார்' இரு மொழியிலும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் சாவித்திரியே நாயகி. முதல் வகுப்பில் அதையே திரையிடுவோம்.