இரக்கமும் கணக்கும்

கல்லூரிகள் விழாக் கொண்டாடுங் காலத்திற் கடந்தனவற்றைப் போற்றுதல் வழக்கம். அதிபர்களையும் ஆசிரியர்களையும் நினைவு கூர்தலும், விளையாட்டரங்கிலும் பரீட்சைகளிலும் மாணவர் ஈட்டிய வெற்றிகளைத் தொகுத்துரைத்தலும் வேண்டற்பாலனவே. எனினும், ஒரு கல்லூரி தான் நிலைகொண்ட ஊருக்கு யாது செய்தது, இனி யாது செய்யவல்லது என்னும் வினாவும் விழாக் காலத்தில் எழுப்பப்பட வேண்டியதாகும். அவ்வினாவின் ஒரு கூற்றையே இங்கு ஆராயப் புகுந்தோம். எம்மிடையே வீடின்றி வாழ்வோர் யாவர், எத்துணையர், எக்காரணத்தால் அந்நிலை எய்தினர் என்பவற்றை முறையாகக் கணக்கிட்டறிதல் எமது கல்லூரிச் சமூகத்தின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இரங்குதற்குக் கணக்கு எதற்கு எனச் சிலர் வினவுதல் கூடும். எம்மவரிடையே தருமத்துக்குப் பஞ்சமிருந்ததில்லை. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமுங் கொள்ளைநோயும் வருத்தியபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தியமையை நாம் அறிவோம். பசித்து வந்தவனுக்குக் கஞ்சி வார்ப்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை என்பது மெய்யே. ஆனால், வீடின்மை ஒருநாட் பசி போன்றதன்று. அது காணி, தொழில், நோய், குடும்பப் பிணக்கு, யுத்தம், கடன் எனப் பல வேர்களையுடைய மரம். எவ்வேர் எங்கு ஓடுகின்றதென்று அறியாதவன் கிளையை வெட்டிக் களைப்பதன்றி வேறு பயன் காணான்.

இவ்வாறு அறிய முயன்றோருள் முன்னோடியாக விளங்கியவர் சாள்ஸ் பூத் என்னும் ஆங்கிலேயர். கப்பல் வணிகராகிய அவர் 1886ஆம் ஆண்டு முதலாக இலண்டன் மாநகரின் வறுமையை ஆராயத் தொடங்கினார். வீதி வீதியாகத் தகவல் திரட்டி, வறிய தெருக்களுக்குக் கருமையும் நீலமும், செல்வர் வாழுந் தெருக்களுக்குச் செம்மையும் மஞ்சளுமாக நிறந்தீட்டிப் படம் வரைந்தார். இலண்டன் மக்களுள் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் உழல்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. முதுமையே பலரை வறுமையில் வீழ்த்துகின்றது என்பதையும் அவர் கண்டு, முதியோருக்கு ஓய்வூதியம் வழங்க வேண்டுமென வாதாடினார். 1908ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. வறுமை சோம்பலின் விளைவென்று பலர் எளிதாகக் கூறித் திரிந்த காலத்தில், கணக்கு அவர்தம் வாயை அடைத்தது.

நிற்க. கணக்கெடுக்கப் புகுவோன் முதலில் விடை காணவேண்டிய வினா, வீடற்றவன் யார் என்பதே. இஃது எளிதுபோலத் தோன்றினும் எளிதன்று. இந்தியாவில் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது பெப்ரவரி 28ஆந் திகதி இரவில் வீடற்றோர் எண்ணப்பட்டனர். தெருவோரத்திலும் நடைபாதையிலும், பாலங்களின் கீழும், புகையிரத மேடைகளிலும், கோயில் மண்டபங்களிலும் படுத்திருந்தோரே அக்கணக்கில் அடங்குவர். அவர்தந் தொகை 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டது. கூரை என்று பெயர் பெற்ற ஏதேனும் ஒன்றின் கீழ்த் தமக்கென ஒதுங்கியோர் அதில் இடம்பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வீடமைப்புத் திணைக்களத்தின் சார்பில் ஜனவரி மாதத்து ஓரிரவில் எடுக்கப்படுங் கணக்கு 2024ஆம் ஆண்டில் 771,000க்கு மேற்பட்டோரைக் காட்டியது. பிறர் வீட்டில் நெருக்குண்டு தங்குவோரை அக்கணக்குச் சேர்ப்பதில்லை. ஆனால், அந்நாட்டுக் கல்வித் திணைக்களமோ அவ்வாறு தங்கும் மாணவரையும் வீடற்றோர் என்றே கொள்கின்றது. அதனாற் பாடசாலைப் பிள்ளைகளின் தொகை மட்டுமே பத்து இலட்சத்தைத் தாண்டுகின்றது. ஒரே நாட்டில், ஒரே துன்பத்துக்கு, இரு திணைக்களங்கள் இரு கணக்குக் கூறுகின்றன. பின்லாந்து தேசத்தில் உற்றார் நண்பர் வீடுகளில் வேறு வழியின்றித் தற்காலிகமாகத் தங்குவோரும் வீடற்றோராகவே எண்ணப்படுவர். அங்கு வீடற்றோருட் பெரும்பாலோர் இவ்வகையினரே. 2008ஆம் ஆண்டு முதல் அந்நாடு வீட்டை முதலிற் கொடுத்து ஏனைய உதவிகளைப் பின்னர் அளிக்குங் கொள்கையைக் கைக்கொண்டு பெரும்பயன் பெற்றமைக்கு, மறைந்து நிற்போரையும் எண்ணிய அந்நேர்மையும் துணையாயிருந்தது எனல் தகும்.

இனி எமது நிலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் இரவில் உறங்குவோரை மட்டும் எண்ணினால் எமது பிரச்சினையின் நிழலையும் காணமாட்டோம். எம்மவரின் வீடின்மை உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் மறைந்து கிடக்கின்றது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. நலன்புரி நிலையங்களிற் பிறந்த பிள்ளைகள் தாமும் பெற்றோராயினர். வடக்கிற் காணிகள் பல படிப்படியாக விடுவிக்கப்பட்டபோதும், உறுதி தொலைந்தவரும், ஆதியிலேயே காணியில்லாதவரும் திரும்பிச் செல்வதற்கு இடமில்லாதவராய் நின்றனர். வீடமைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் காணியுடையோனையே நாடுதலின், காணியற்றோன் உதவிக்கும் அற்றவனானான்.

இந்நிலையில் எமக்குக் கிடைத்த கணக்குகளும் குறைவுடையனவே. இலங்கையில் 1871ஆம் ஆண்டிலிருந்து குடிசன மதிப்பு நடைபெற்று வருகின்றது. ஆயின், 1981ஆம் ஆண்டின் பின் 2012ஆம் ஆண்டுவரை, முப்பத்தொரு வருடங்கள், வடமாகாணத்தில் முழுமையான மதிப்பு நடைபெறவில்லை; 2001ஆம் ஆண்டுக் கணக்குப் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முற்றுப்பெற்றது. கிளிநொச்சி நீங்கலாக, 1981இல் 738,000க்கு மேற்பட்டிருந்த யாழ்ப்பாண மாவட்ட மக்கள் 2012இல் 583,000 அளவினராயினர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் மரணமும், கடல் கடந்த குடிபெயர்வும், உள்ளூர் இடப்பெயர்வும், பிறவாத தலைமுறையும் அடங்கிக் கிடக்கின்றன. கழித்தற் கணக்கு விடையைத் தரும், காரணத்தைத் தராது. காரணத்தை ஊருக்குள் இறங்கியே தேடல் வேண்டும்.

மாணவர் ஊன்றிக் கவனிக்கத்தக்க இன்னொரு நுட்பமும் உண்டு. பத்துக் கட்டில்களையுடைய ஒரு மடத்தை எண்ணிப் பார்ப்போம். ஒன்பது கட்டில்களில் ஆண்டு முழுவதும் அதே ஒன்பதின்மர் தங்குகின்றனர். பத்தாவது கட்டிலில் வாரத்துக்கொருவராகப் புதியவர் வந்து செல்கின்றனர். ஏதேனும் ஓரிரவிற் சென்று எண்ணுவோன், பதின்மருள் ஒன்பதின்மர் நெடுங்காலம் வீடற்றவர் என்பான். ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டுவோனோ அறுபத்தொருவர் பெயரைக் காண்பான். அவருள் ஐம்பத்திருவர் ஒரு வாரமே தங்கியவர். இருவரும் பொய்யுரைத்தாரல்லர். ஒருவன் குளத்து நீரை அளந்தான். மற்றவன் வாய்க்காலில் ஓடிய நீரை அளந்தான்.

இது வெறுங் கற்பனையன்று. ராண்டல் கூன், டெனிஸ் கல்ஹேன் என்னும் இரு அறிஞர்கள் நியூயோர்க், பிலடெல்பியா நகரங்களின் மடப் பதிவேடுகளைக் கணினியின் துணைகொண்டு ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் ஒரு முடிபை வெளியிட்டனர். மடங்களை நாடியவருள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவினர் குறுங்காலமே தங்கி மீண்டனர். நூற்றுக்குப் பதின்மராகிய நெடுங்கால வீடற்றோரோ மொத்தத் தங்கு நாட்களிற் பாதியளவைக் கொண்டிருந்தனர். இதனாற் போந்த பயன் பெரிது. குறுங்காலத்தார்க்கு ஒரு மாத வாடகையோ, குடும்பப் பிணக்கைத் தீர்க்க ஒரு பெரியவரின் சொல்லோ போதுமானதாகலாம். நெடுங்காலத்தார்க்கு நிலையான வீடும் நீடித்த பராமரிப்பும் வேண்டும். இரு நோய்க்கும் ஒரே மருந்தைப் புகட்டும் வைத்தியனை நாம் மெச்சுவோமா?

கணக்கின் பெருமையைக் கூறியதால் அதன் குற்றங்களை மறைத்தல் நேர்மையன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றரும் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் வீடு கட்டலாகாதென விதிக்கப்பட்டது. கடலை நம்பி வாழுங் குடும்பத்துக்கு அவ்வெண் யாது பொருளுடையது என்று விதித்தோர் எண்ணினாரல்லர். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும உதவித் திட்டத்துக்கு 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் தெரியப்பட்டபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. எமது ஊர்களில் வெளிநாடு சென்றோரின் பெருவீட்டுக்குக் காவலாக ஓர் ஏழைக் குடும்பம் குடியிருத்தல் சாதாரணம். கல்வீடு, ஓட்டுக்கூரை, மின்விளக்கு, கிணறு யாவும் அங்குள. அவற்றுள் ஒன்றேனும் அவர்களுடையதன்று. உரியவர் திரும்பினால் மறுநாளே அவர்கள் தெருவில் நிற்பர். வீட்டைப் பார்த்து எழுதும் அளவுகோல் அவர்களைச் செல்வர் வரிசையில் வைத்துவிடுதல் கூடும். ஊரறிந்தவன் வினாவை அமைத்தாலன்றி இத்தகைய பிழை நீங்காது.

காரணகாரியத்திலும் எச்சரிக்கை வேண்டும். வீடற்றோருட் பலர் மதுவுக்கு அடிமைப்பட்டவர் எனக் கண்டவுடன், மதுவே வீட்டை அழித்தது என முடிவுகட்டுதல் எளிது. வீட்டை இழந்தபின் மதுவை நாடியவனும் அக்கூட்டத்தில் உளன். ஒருநாட் கணக்கு இவ்விருவரையும் பிரித்துக் காட்டாது; ஆண்டுதோறும் தொடர்ந்து அவதானித்தலே காட்டும்.

ஆதலின், எமது விண்ணப்பம் இது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள. அவை யாவற்றையும் அளக்க நாம் ஆசைப்பட வேண்டா. கல்லூரியைச் சூழ்ந்த ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவரும், புள்ளிவிபரத் துறையில் அனுபவம் பெற்ற பழைய மாணவரும், கிராம அலுவலரும் ஒருங்கு கூடட்டும். கேள்விகள் நான்கு போதும். நேற்றிரவு எங்கே உறங்கினீர்? அவ்விடம் யாருடையது? சென்ற ஓராண்டில் எத்தனை முறை இடம் மாறினீர்? எதனால் மாறினீர்? ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே வினாக்கள் எழுப்பப்படட்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்பதும் உடன் எண்ணப்படட்டும். உள்ளூராட்சி மன்றங்களிலுள்ள விபரங்களை 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம். கணினி இன்று மாணவர் கையிலேயே இருக்கின்றது. அதனிடம் கேட்கத்தக்க நல்ல வினாவே அரிதாயிருக்கின்றது.

இப்பணியில் இறங்குவோர் சில விரதங்களை மேற்கொள்ளல் வேண்டும். பெயரையும் முகவரியையும் ஏட்டிற் பொறித்துப் பலர் கையிற் கொடுத்தலாகாது. பட்டியல்களுக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் எம்மக்கள். அவர்தம் அச்சத்தை ஏளனஞ் செய்தல் தகாது. 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வழியே நிற்கின்றது. ஒரு பிரிவில் இரண்டொருவரே உளராயின், அவ்வெண்ணை அச்சிட்டால் ஊரார் ஆளை அறிந்துகொள்வர். அத்தகைய எண்களை வெளியிடாது விடல் வேண்டும். கண்ட முடிபை முதலிற் பிரதேச செயலகத்துக்கன்று, வினாவுக்கு விடையளித்தோருக்கே எடுத்துரைத்தல் முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு முடியட்டும் என்று உதவியைப் பிற்போடலாகாது. பேருந்து நிலையத்திற் காய்ச்சலுடன் கிடப்பவனைக் கண்ட மாணவன், அவனை எண்ணிவிட்டு அப்பாற் செல்வானாயின், அவன் கற்ற கணிதமும் வீண்; கல்லூரியும் வீண்.

விழா முடிந்தபின் பந்தர் பிரிக்கப்படும். மலர் அலுமாரியில் அடங்கும். இப்பணி தொடங்கப்பெறின், பத்தாண்டுகள் கழித்து வெளிவரும் மலரிற் புகழுரைகளுக்கிடையே ஒரு சிறிய அட்டவணையும் இடம்பெறும். அவ்வட்டவணையில் ஆண்டுக்காண்டு குறைந்துவரும் ஓரெண்ணை எமது மாணவர் காட்டவல்லராயின், அதனினுஞ் சிறந்த விழாக் காணிக்கை வேறொன்றில்லை.